லாவண்டர் வாடை

"இன்னும் கிட்ட கொண்டா" என்றார் ஐனார். படுத்தபடியே கம்பளிச் சட்டையின் கையை மூக்கருகே இழுத்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னத்தப் போட்டுத் துவைச்ச?"

"சோப்புத்தூள்தான். வேற என்னத்தப் போடுவாங்க?" என்றாள் மகள் பிர்த்தே.

"லாவண்டர்."

"ஆமா, லாவண்டர். கடையில அதுதான் இருந்துச்சு."

"போச்சு! நான் ஸ்காட்லாந்துல போய் எறங்குறதுக்குள்ள அங்க இருக்கிற மான் பூரா மலைக்கு அந்தப் பக்கம் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை. அப்பா இனிமேல் டென்மார்க்கை விட்டு மட்டுமல்ல, அந்தக் கட்டிலை விட்டே இறங்கப்போவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். அவரோ வருஷா வருஷம் போகிற மான் வேட்டைக்கு இந்த வெள்ளிக்கிழமையும் கிளம்புகிறவர் மாதிரி பையைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் புது மழைக்கோட்டை எடுத்து வந்தால், அதைக் காதோரம் வைத்துக் கசக்கிப் பார்த்து, "சரசரங்குது, வேணாம்" என்று தள்ளினார். முழங்கால் தேய்ந்த பழைய கால்சட்டைதான் வேண்டுமாம். துப்பாக்கி அலமாரியின் சாவி தலையணைக்கு அடியில் கிடந்தது.

"வெறும் தண்ணியில அலசு. சுடுதண்ணி. அப்புறம் கொட்டகையில காத்தாட மாட்டு. மனுஷ வாடையே இருக்கக்கூடாது."

"இவன் வாடைக்கு லாவண்டரே தேவல" என்றார் நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்த ப்ரெபென். ஐனாரோடு அத்தனை வருஷமும் மலைக்குப் போனவர். "மானைத் தேடி இவன் பக்கத்துல படுத்து ஊர்ந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ."

ஐனார் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

"அப்பா, நீங்க எங்க..." என்று ஆரம்பித்த பிர்த்தே, ப்ரெபெனின் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள். துணிகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

கம்பளி தண்ணீரைக் குடித்துக் கல்லாய்க் கனத்தது. அலசினாள், பிழிந்தாள், மோந்து பார்த்தாள். லாவண்டர் அப்படியே இருந்தது. திரும்பவும் அலசினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. போகவே போகாத ஒரு பயணத்துக்கு எந்த மானுக்காக இந்தப் பாடு என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எப்போதுதான் இதெல்லாம் முடியும் என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"பிர்த்தே, வாம்மா."

கதவருகே ப்ரெபென் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவள் ஈரக்கையோடு ஓடினாள். ஐனாரின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

"ஏதாவது சொன்னாரா?"

"வாடை போச்சான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போயிடுச்சுன்னேன்."

பிர்த்தே கட்டிலோரம் உட்கார்ந்தாள். அழ வேண்டும் போலத்தான் இருந்தது. அதற்கும் தெம்பில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து குளியலறைக்கே திரும்பிப் போனாள். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

சட்டையும் கால்சட்டையும் அன்றும் மறுநாளும் கொட்டகையில் தொங்கின. டென்மார்க்கின் மேற்குக் கடலோரத்தில் காற்றுக்கா பஞ்சம்? சவப்பெட்டியோடு லோனே என்ற பெண் வந்து இறங்கியபோது துணிகள் காய்ந்திருந்தன. இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது லோனேயின் தொழில்.

"கறுப்புக் கோட்டு ஏதும் இல்லீங்களா?"

"இதான் போடணும்" என்றாள் பிர்த்தே.

லோனே வேலையை முடித்து அவர்களை உள்ளே கூப்பிட்டாள். "எவ்வளவு நல்லா இருக்காரு பாருங்க."

நன்றாகத்தான் இருந்தார். தலை வாரி, முகம் மழித்து, வேட்டைக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி. முத்தமிடக் குனிந்த பிர்த்தே சட்டென்று நிமிர்ந்தாள்.

"மூஞ்சியில என்ன போட்டீங்க?"

"வாசனை சோப்புதான். கன்னத்துல கொஞ்சம் கொலோன் சென்ட்டு. எல்லாருக்கும் போடுறதுதானே?"

ப்ரெபென் கண்ணை மூடிக்கொண்டார்.

பிர்த்தே சமையலறைக்குப் போய் ஒரு பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துணியை நனைத்து நெற்றியைத் துடைத்தாள். கன்னம், காது மடல், கழுத்து, விரல் விரலாக இரண்டு கை. லோனே ஒதுங்கி வழிவிட்டாள். தண்ணீரில் வாசனை ஏறியதும் ப்ரெபென் பேசினை எடுத்துப்போய்க் கொட்டி, புதுசு பிடித்து வந்தார். அவள் திரும்பவும் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் ப்ரெபென் குனிந்து, நண்பரின் கழுத்தருகே மூக்கை வைத்து நிதானமாக இழுத்தார்.

"போயிடுச்சு" என்றார்.

பிர்த்தே ப்ரெபெனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானும் குனிந்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.