கரையானுக்கு வைத்த ஆயில்

வேலுமணி தன் வேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டான். கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றி நிலக்கரி மைன்ஸ் கேட்டில் இறக்கும் வேன்காரர்கள் எல்லாரும் ஆயில் வாங்கி ஊற்றி மாளவில்லை என்று புலம்பும்போது, இவன் மட்டும் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவி, மேல்கோட்டையும் தாண்டி நிற்கும் ஆயிலை ஊருக்கே காட்டுவான். "நம்ம வண்டி ஒரு சொட்டு குடிக்காதுங்க!" கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது. அந்த உத்தம வண்டிதான் ஒரு நாள் ஷிப்ட் ஆட்களோடு நடுரோட்டில் இன்ஜின் தடதடவென்று தட்டி நின்றுபோனது.

மந்தாரக்குப்பத்தில் பாவாடை என்ற மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் போட்டார். உள்ளே பேரிங் எல்லாம் தேய்ந்து தகடாகக் கிடந்தது.

"ஆயில்ல வழவழப்பே இல்லாம ஓடியிருக்குது. பழைய ஆயிலு எங்கப்பா?"

"வூட்ல இருக்குதுண்ணே. கொட்டாய்ல கரையான் ஏறுதுன்னு கண்ணகி கேட்டுகினே இருந்தா. வண்டிய இங்க இழுத்தாறதுக்கு முன்னாடியே வடிச்சிட்டேன்."

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். வடித்த ஆயிலை எந்த வேன்காரனும் கீழே கொட்டமாட்டான். கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டகைக் காலில் பூசிவிடுவான்.

பாவாடை டீசல் பம்ப்பைத் துணியால் துடைத்துப் பார்த்தார். "இன்ஜின் பிரிச்சிருக்கும்போதே இதையும் கழட்டிக் கடலூருக்கு அனுப்பிட்டா நல்லது. சீல் மாத்தி, அளவு பார்த்துக் குடுத்துருவாங்க."

"எப்ப வரும்?"

"அங்க கூட்டம். அடுத்த வாரக் கடைசி ஆவும்."

வேலுமணி நாட்களை எண்ணிப் பார்த்தான். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஜெயராமன் முடிவாகச் சொல்லியிருந்தார்: திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு இவன் வண்டி கேட்டில் நிற்காவிட்டால் வேறு வண்டி நிற்கும். ஒரு முறை கைமாறிய ஆள் ஏற்றும் லைன் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பெர்மனென்ட் வேலை வரும் வரும் என்று காத்திருந்து அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது இந்த லைன் ஒன்றுதான்.

"பம்பு நல்லாத்தாண்ணே இருக்குது. சாவி போட்டா பட்டுனு புடிக்கும். பொகையே இல்ல."

"ஆயிலு கொறைஞ்சுதா?"

"ஒரு சொட்டு கொறையல."

"ஏறுச்சா?"

வேலுமணி சிரித்துவிட்டான். "எங்கனா ஆயிலு தானா ஏறுமாண்ணே? அது என்னா கெணறா?"

பாவாடையும் சிரித்துவிட்டு, பம்ப்பை அப்படியே மாட்டினார்.

ஞாயிறு சாயங்காலம் வண்டி வீடு வந்து சேர்ந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்கவே வேலுமணிக்கு ஆசையாக இருந்தது. வாசலில் அவன் மனைவி கண்ணகி வெந்நீர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. கேனிலிருந்து கொஞ்சம் பழைய ஆயிலை விறகின் மேல் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தாள். குபீரென்று பிடித்துக்கொண்டது.

"கரையானுக்கு இது ஒண்ணுத்துக்கும் ஆவலங்க. தண்ணியாட்டம் ஓடுது, காஞ்சும் பூடுது. அடுப்புக்குத்தான் லாயக்கு."

இன்ஜின் ஆயில் அப்படிப் பற்றாது. வேலுமணி கேனைப் பிடுங்கி முகர்ந்தான். டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. விரலில் தொட்டான், பிசுக்கே இல்லை. அவன் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது ஆயிலே இல்லை. பம்ப்பிலிருந்து டீசல் உள்ளே இறங்கி இறங்கி, குறைந்த ஆயிலின் கணக்கை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டி ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்று லோடைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு டீசல் எங்கே போனது என்று இப்போது புரிந்தது.

பாவாடைக்குப் போன் போட்டான். அவர், "ஓட்டாதப்பா. காலையில கொண்டாந்து வுடு, கழட்டிடறேன்" என்றார்.

"ஆயில மாத்தி மாத்தி ஓட்டுனா?"

"கொழாய தெறந்து வுட்டுட்டு தரைய தொடச்சிகினு இருப்பியா? புது பேரிங் ஒரு வாரம் தாங்குனாலே பெருசு."

ஜெயராமனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். இன்னும் சில நாள், ஒரே ஒரு தடவை, உங்க காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றான்.

"வேலு, எனக்கு மேல இருக்கறவங்க எங்கிட்ட பம்ப் கதை கேட்க மாட்டாங்க. ஆள் வந்துச்சா, வரலையான்னுதான் கேட்பாங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

தெரிந்த வேன்காரர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை காலையில் எவன் வண்டி சும்மா நிற்கும்?

கண்ணகி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நின்னா லைன் போவுது, ஓட்டுனா வண்டி போவுது. எது போனா நாம தாங்குவோம், சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியோடு ஒரு மனுஷனை நிற்கவைத்த சாமியை என்ன சொல்ல? அடுப்பு மட்டும் நன்றாக எரிந்தது.

திங்கட்கிழமை வண்டி கேட்டில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். மைன்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தினமும் கிளம்புவதற்கு முன் கம்பியை உருவுவான். முதல் நாள் ஆயில் கோட்டில் நின்றது. மறுநாளும் அப்படித்தான். அவனுக்குக்கூட லேசாக ஒரு நம்பிக்கை வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு விடியற்காலை, ஊர் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேலுமணி கம்பியை உருவினான். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் போலச் சொட்டியது.

கரித்தூள் அள்ளும் வேலைக்குப் போகும் மாணிக்கம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பல வருஷமாக அவன் வண்டியில் வருகிறவள்.

"பாருங்கடி, நம்ம வேலு வண்டிய! இன்ஜினே பிரிச்சு போட்டும் அதே மாரி. ஒரு சொட்டு குடிக்கல!"

வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். வேலுமணி கம்பியைத் துடைத்து உள்ளே செருகினான். கண்ணையும் அதே துணியால் துடைத்தான்.

"ஏறுங்கம்மா, ஷிப்ட்டுக்கு நேரமாவுது" என்றான்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பட்டென்று பிடித்துக்கொண்டது. அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். இன்னும் தட்ட ஆரம்பிக்கவில்லை.