கழுவிய தட்டு

பலகாரக் கடையில் ஆவி மண்டிக் கிடந்தது. உள்ளே நுழைந்ததுமே ஜோங்பில்லின் மூக்குக் கண்ணாடி வெளுத்துப்போயிற்று. அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, சிவப்புப் பயற்றுத்தூள் புரட்டிய சோள உருண்டை ஒரு பெட்டி, சனிக்கிழமை காலையில் சூடாக வேண்டும் என்றார். கேட்டதும் கடைக்காரி சுன்னே வேலையை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சோள உருண்டையைத் தின்னும் ஆசையில் யாரும் வாங்குவதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத்தான் வாங்குவார்கள், அந்தச் சிவப்பைக் கண்டால் கெட்டது எதுவும் கிட்டே வராது என்று. தனியாக வாழும் கிழவருக்கு அதில் என்ன வேலை?

"யாருக்குண்ணே?"

"பேத்திக்கு. முதல் பிறந்தநாள்."

"அட மனுசா! பேத்தி பொறந்தது குன்சான் ஊர் முழுக்கத் தெரியும். நீங்கதான் ஒரு வருசமா வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு இருந்தீங்க." சுன்னே மாவுக்கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அப்போ மககூட ராசியாயிட்டீங்க?"

ஜோங்பில் சிரித்து வைத்தார். ராசியானதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்த நூறாம் நாள் கொண்டாட்டத்துக்கு மாப்பிள்ளையே வெள்ளைப் புட்டைத் தட்டில் வைத்து, இளஞ்சிவப்புத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தானே. அவனை உள்ளே வா என்று சொல்லவில்லைதான். அதற்கு நாக்கு எழவில்லை. ஆனால் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய வழக்கத்துக்கு அதுவே பெரிய காரியம்.

"நூறாம் நாள் தட்டுல என்ன வச்சுத் திருப்புனீங்க? நூலா, அரிசியா?" என்று கேட்டாள் சுன்னே, ரசீதை எழுதிக்கொண்டே.

"வைக்கிறதா? எதையும் வைக்கல. தேய்ச்சுக் கழுவி, வெந்நீர் ஊத்தி, துணியால துடைச்சுக் குடுத்தேன். முகம் பார்க்கலாம், அப்படி இருந்துச்சு."

அவருக்கு இதில் பெருமை உண்டு. மனைவி இருந்தவரை தண்ணீர்கூட மொண்டு குடிக்காதவர், அவள் போனபின் வீட்டைப் பளிங்காக வைத்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். சுன்னே எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"கழுவிட்டீங்களா?"

"பின்னே? எச்சில் தட்டையா குடுப்பாங்க?"

"அந்தத் தட்டைக் கழுவக் கூடாதுண்ணே. புட்டு ஒட்டியிருந்தா ஒட்டுனபடியே, ஒரு சுருள் நூலோ, ஒரு பிடி அரிசியோ வச்சுக் குடுக்கணும். புள்ளைக்கு ஆயுசு நீளணும்னு." அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "கழுவி வெறுந்தட்டாக் குடுத்தா, புள்ளையோட பாக்கியத்தையே கழுவி ஊத்துன மாதிரி. சண்டைக்காரங்ககூட அதைச் செய்ய மாட்டாங்கண்ணே."

ஜோங்பில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆவியில் அது மறுபடியும் வெளுத்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, துறைமுகம்வரை நடந்துபோன பிறகுதான் வந்த வழி தப்பு என்று கவனித்தார். முப்பது வருடம் இந்த ஊருக்குள் பஸ் ஓட்டியவர்.

மகள் நாரே, விவாகரத்தானவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "ரெண்டாந்தாரமாப் போகவா உன்னைப் படிக்க வச்சேன்" என்று கேட்டவர் ஜோங்பில். கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்தார். யார் ஜெயித்தார்கள் என்று அன்றைக்கே அவருக்குத் தெரியாது. பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தது அவளுடைய மாமன். அந்த மனிதரும் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். தாயும் இல்லாத பெண்ணுக்கு, நியாயமாகப் பார்த்தால், பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான். இவரோ இருந்தும் இல்லாமல் இருந்தார்.

அதனால்தான் அந்தத் தட்டு அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. புட்டை ஒரே நாளில் தின்று தீர்க்க மனம் வராமல், நாலு நாள் வைத்து, காய்ந்த பிறகும் ஆவியில் காட்டித் தின்றார். தட்டைக் கழுவும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேத்தி என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது நாரேயின் வீட்டுக்குள்ளே சம்பந்தி வீட்டாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மணியை அழுத்தப் போன விரலை மடக்கிக்கொண்டு, பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். உள்ளே போயிருந்தால் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், இவரும் தெரியாது என்று அசடு வழிந்திருப்பார், சிரிப்போடு போயிருக்கும். பதினைந்து படி இறங்கிவந்த அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

துறைமுகத்துச் சுவர்மேல் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பாதான்."

"சொல்லுங்க."

"சனிக்கிழமை பாப்பாவுக்கு..."

"ஆமா. சின்னதாத்தான் வைக்கிறோம். அவங்க வீட்டு ஆளுங்க மட்டும்." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். அது பேங்கில் பேசுகிற குரலாக இருந்தது. "போட்டோ அனுப்புறேன்."

"நாரே, அந்தத் தட்டு..."

எந்தத் தட்டு என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"அத்தைதான் பையைத் திறந்தாங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அவங்க ஏதாவது சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லப்பா. அந்தத் தட்டை அப்படியே அலமாரியில வச்சுட்டு, சாப்பிடலாம் வாங்கன்னாங்க. அடுத்த வாரமே பாப்பாவுக்கு நிமோனியா."

"எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது."

"எப்படிப்பா தெரியாம இருக்கும்? என் நூறாம் நாளுக்கு அம்மா தெரு முழுக்கப் புட்டு குடுத்தாங்களாமே. திரும்பி வந்த நூலை முடிஞ்சு முடிஞ்சு எனக்குக் கழுத்துல போட்டாங்களாமே. நீங்க அதே வீட்லதானே இருந்தீங்க?"

அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். விடிவதற்கு முன் பஸ் எடுக்கப் போய், எல்லாரும் சாப்பிட்ட பிறகு வந்து, மூடி வைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்தார். நூறாம் நாளா, முதல் பல்லா, முதல் அடியா, எல்லாமே மனைவி சாப்பாட்டு மேசையில் வைத்த கதைகள்தான் அவருக்கு. அதிலும் பாதிக் கதைக்கு அவர் தூங்கிப்போவார். முதல் பிறந்தநாளில், பிள்ளை பிற்காலத்தில் என்ன ஆகும் என்று பார்க்க மேசைமேல் பரப்பிய சாமான்களில் நாரே எதை எடுத்தாள் என்று இப்போது யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு லீவு கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனிமேல் ஆள் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்க வேண்டும். "அங்கே குளிரா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. வச்சிடவா?"

சனிக்கிழமை அவர் போனார். போகக்கூடாது என்று முடிவுசெய்துவிட்டுத்தான் குளித்தார், முடிவுசெய்துவிட்டுத்தான் சவரம் செய்தார், மகள் கல்யாணத்துக்கென்று தைத்துப் போடாமல் விட்ட கோட்டை எடுத்து மாட்டினார். கடையில் சுன்னே பெட்டியைச் சிவப்புத் துணியில் கட்டித் தந்தாள். விருந்து எங்கே என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்து சொன்னாள். காசு கொடுக்கப் போனபோது, "ஓடுங்கண்ணே, ஆறிடும்" என்று கையைத் தட்டிவிட்டாள்.

சாப்பாட்டுக் கடையின் இரண்டாம் மாடியில் விருந்து. நுழைவில் ஒரு மடக்குத் தட்டி வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் நின்றால் மேடை முழுதும் தெரிந்தது. வண்ணக் கோடு போட்ட பட்டுச் சட்டையும் தலையில் சிறிய குல்லாயுமாக, குழந்தை தாவோன் சாமான்கள் பரப்பிய மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜோங்பில் பேத்தியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காது மடல் அவருடையது. மேலே மடங்காமல் வெளியே பிதுங்கி நிற்கிற காது. அதை வைத்துத்தான் சின்ன வயதில் நாரேயை இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த குடம் என்று கேலி செய்வார்கள்.

"எடு எடு, பணத்தை எடு!" என்று ஒரு பக்கம் கத்தினார்கள். "ஸ்டெதஸ்கோப்டா கண்ணு, டாக்டராகணும்!" என்று மறுபக்கம். தாவோன் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, விருந்து நடத்துகிறவனின் மைக்கைப் பிடித்து இழுத்தாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. "என் பொழப்புல மண்ணைப் போடப் போறா!" என்று அவன் அலறினான். தட்டியின் பின்னால் ஜோங்பில்லும் சிரித்தார். மைக், மைக் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார், மறந்துவிடக் கூடாது என்று.

பிறகு போட்டோ. முதலில் அப்பா வீட்டுக்காரர்கள் ஏறினார்கள், மேடை கொள்ளவில்லை. அவர்கள் இறங்கியதும் போட்டோக்காரன் கையைத் தட்டினான்.

"இப்ப அம்மா வீட்டுக்காரங்க வாங்க!"

யாரும் எழுந்திருக்கவில்லை. இலேசாக ஒரு கரண்டிச் சத்தம் கேட்டு நின்றது. நாரேயின் மாமியார் குனிந்து தன் பையில் எதையோ தேடினாள். நாரே குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "என் பக்கம் யாரும் இல்லைங்க. எங்க மூணு பேரையும் எடுத்துடுங்க" என்றாள்.

அவள் அதைச் சொல்லிப் பழகியிருந்தாள் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஜோங்பில்லின் கால் ஓர் அடி முன்னால் போனது. தட்டியிலிருந்து அவர் வெளிப்பட்டதும் விருந்து நடத்துகிறவன் பெட்டியைப் பார்த்தான்.

"ஐயா, பலகாரம் கொண்டாந்தீங்களா? சமையக்கட்டு அந்தப் பக்கம்."

"சரி" என்றார் ஜோங்பில். ஏன் சரி என்றார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் நகரவும் இல்லை.

மேடையில் மாப்பிள்ளை கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான். போட்டோக்காரன் ரப்பர் வாத்தை அமுக்கிக் கீச்சுச் சத்தம் எழுப்பினான். "பாப்பா, இங்க! இங்க பாரு!" முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள், ஒருத்தி நாக்கைத் துருத்தினாள். குழந்தை வாத்தைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைக்கும் மேலே, தட்டிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவரையே பார்த்தது. அவரும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். தாவோன் கையை நீட்டி, விரலை அவர் பக்கம் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"என்னடி அங்க?" என்று கேட்டபடி, நாரே அந்த விரல் போன பக்கம் தலையைத் திருப்பினாள்.