லைட் எரியலியே மச்சான்

இறக்கத்தின் மூன்றாவது வளைவில்தான் டிரைவருக்கு அந்த நினைப்பு வந்தது.

அவர் ஓட்டிக்கொண்டிருந்த ராணுவ லாரிக்கு யூனிட்டில் 'மாமியார்' என்று பெயர். வாயைத் திறந்துவிட்டால் பக்கத்தில் வேறு யாரும் பேச முடியாது. அணைத்தாலும் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் அடங்கும். அதன் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்து வந்த லாரிக்கு எஞ்சின் செத்துப்போயிருந்தது. ஹாரனையும் எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டதால் அது 'ஊமை'. இரண்டும் மலைக்குக் கீழே இருந்த பெரிய பட்டறைக்குப் போக வேண்டியவை. ஊமையின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி தொய்யாதபடி பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தவர் யூனிட்டின் மெக்கானிக். டிரைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன்.

பின்னால் என்ன கத்தினாலும் மாமியார் மேல் இருப்பவன் காதில் விழாது. அது ஆடுகிற ஆட்டத்தில் பக்கக் கண்ணாடிக்குள் மரமும் பாறையும் வண்டியும் கலந்து ஒரே கூழாகத் தெரியும். வெளிச்சம் மட்டும் தப்பாமல் தெரியும். அதனால் முந்தின நாள் மாலையே மச்சான் ஊமையின் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஓர் ஏற்பாடு சொல்லியிருந்தார்.

"லைட் எரிஞ்சா எனக்கு ஆபத்துன்னு அர்த்தம். எரியலைன்னா சொகுசா உக்காந்து வர்றேன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்குப் போங்க மாப்பிள்ளை."

காலையில் மாமியார் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. மச்சான் கேட் பாஸில் கையெழுத்து வாங்கப் போயிருந்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். டிரைவர் ஊமையின் பேட்டரியைக் கழற்றி மாமியாருக்கு மாட்டிக் கிளப்பிவிட்டார். ஓடாத வண்டிக்குப் பேட்டரி எதற்கு என்றுதான் அப்போது தோன்றியது. மச்சான் திரும்பி வந்ததும் சொல்ல வாயெடுத்தார், மாமியார் பேசவிடவில்லை. கையை ஆட்டினார். மச்சானும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

கண்ணாடியில் வெளிச்சம் வரவில்லை, மச்சான் சௌக்கியம் என்று ஒரு மணி நேரமாக நம்பி வந்தவருக்கு, வெளிச்சம் வர வழியே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தார். சங்கிலி தொய்ந்து தார் மேல் உரசிக்கொண்டு வந்தது. ஊமையின் சக்கரங்களில் புகை. பிரேக் சூடேறிச் செத்திருக்க வேண்டும். மச்சானின் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை லைட் சுவிட்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று பிரேக்கை மிதித்தால் ஊமை வந்து மோதிப் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும். வேகம் எடுத்தால் சங்கிலி வெடுக்கென்று இழுத்து அறுந்துவிடும். இரண்டாவது கியரை விட்டால் இந்த இறக்கத்தில் வேறு கியர் விழாது. மச்சானின் தங்கச்சிக்காரியிடம் போய் என்ன சொல்வது என்பது வேறு நடுவில் வந்து நின்றது. சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். இடைவெளி குறைந்தது. பின்னால் இடித்தது, நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. இடித்த வண்டி விலகாமல் முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. இனி இரண்டு வண்டியின் பாரமும் ஒரு பிரேக்கில். நான்காவது வளைவு. ஐந்தாவது. அதற்கப்புறம் ரோடு கொஞ்சம் மட்டமாகி, ஒரு பாலத்துக்கு முன்னால் இரண்டும் நின்றன.

மச்சான் இறங்கி வந்தார். மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"லைட்டைப் போட்டேனே மாப்பிள்ளை, பாக்கலியா?"

"லைட் எரியலியே மச்சான்."

பொய் இல்லை. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மச்சான் முகம் கழுவப் பாலத்துக்கடியில் ஓடிய தண்ணீருக்கு இறங்கினார். ஓடிக்கொண்டிருக்கிற டீசல் எஞ்சினுக்குப் பேட்டரி வேண்டாம். டிரைவர் மாமியாரை அணைக்காமலே பேட்டரியைக் கழற்றி ஊமையில் வைத்தார். எத்தனையோ தடவை செய்த வேலைதான்; இருந்தும் ஸ்பேனர் இரண்டு முறை கைநழுவியது. மச்சான் மேலே வந்தபோது டிரைவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அல்லவா, மச்சான் நேரே போய் சுவிட்சை இழுத்தார். நடுப்பகல் வெயிலிலும் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு தன் கையைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மாதம் மச்சான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு வண்டியிலும் ஸ்டியரிங் பக்கம் உட்காரவில்லை. வீட்டில் நாலு பேர் கூடினால் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார்: உயிர் போகிற நேரத்தில் வேறெதையோ இழுத்துவிட்டு லைட் போட்டதாக நினைத்த மெக்கானிக் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். டிரைவரும் சிரித்தார். முப்பத்தோரு வருஷம்.

போன மாதம் மச்சான் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து, ஒரு பகலில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த மகள் டிரைவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மாமா, நான் கார் கத்துக்கறேன்னு சொன்னப்போ அப்பா விடவே இல்ல. 'நம்ம வம்சத்துக் கை பயந்தா பொய் சொல்லும்மா'ன்னாரு. அவ்வளவு பயந்தவரா அவரு?"

டிரைவர் சொல்லிவிட்டார். பேட்டரி, பாலம், தண்ணீர், ஸ்பேனர் நழுவியதுவரை. அவள் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"திருப்பி மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு மாமா?"

"அஞ்சு நிமிஷம்."

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அங்கே அவள் அம்மாவும் டிரைவரின் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. அத்தனை வருஷம் மாமியாரின் இரைச்சலோடு குடித்தனம் நடத்திய காதுக்கு அந்தத் தூரத்தில் ஒன்றும் எட்டவில்லை. பெண்ணின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. மச்சானின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய மனைவி மெதுவாக எழுந்து, கதவருகே வந்து, அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"என்ன?" என்றார் டிரைவர். அவள் அதை இன்னொரு தடவை கேட்கவில்லை.