படகுக்கு மாஸ்ரர் வைத்த பெயர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறியத்தருவது யாதெனில், வடமராட்சிக் கரையின் நீண்ட கடலோடி வரலாற்றில் முதல் தடவையாக ஒரு பைபர் படகுக்குக் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. சூட்டியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் முருகேசு மாஸ்ரர். படகு ஜெயதீபனுடையது. ‘ஆழ்வார் துணை’ என்று எழுதத்தான் அவன் மனைவி சுவர்ணா ஆசைப்பட்டாள். அந்தப் பெயரில் இந்தக் கரையிலேயே ஏழு படகு கிடக்கிறது என்று மாஸ்ரர் முகத்தைச் சுளித்தார். ‘ஹல்சியன்’ என்றார். அமைதியான கடல் என்று அர்த்தமாம். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, முக்கால் மணித்தியாலம் பேசவும் விட்டார்கள்.

அது ஐப்பசியில். இப்போது மார்கழி, வாடை முகத்தில் அறைகிறது. முதல்நாள் பின்னேரம் தனியே போன ஜெயதீபன் காலை ஏழுக்குக் கரை சேர்ந்திருக்க வேண்டும். பத்தரை ஆகிவிட்டது. மற்றப் படகுகள் எல்லாம் வந்து, மீனும் விற்றுப்போய், காகங்கள்தான் மிச்சம். அவன் போனுக்கு எடுத்தால் ஒரு பெண் மூன்று மொழியிலும் அவன் இல்லை என்றாள். அவனைத் தேடப்போன இரண்டு படகுகளும் இன்னும் திரும்பவில்லை. காற்று சரியில்லை, போகவேண்டாம் என்று நேற்று சுவர்ணா எவ்வளவோ சொன்னாள். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

கரையில் நின்ற சுவர்ணாவுக்கு ஆறுதல் சொல்ல மாஸ்ரர் குடையோடு வந்தார். ஆறுதல் அவர் படிப்பித்த பாடமல்ல. பெயர் நல்ல பெயர், ஒன்றும் நடவாது என்று தொடங்கினார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சுவர்ணா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. கேள்வி கேட்ட ஒருவரைப் பதிலில்லாமல் அனுப்பியது அவர் வாழ்க்கையில் இல்லை.

காற்றுக்கு அதிபதியின் மகளாம், அல்சியோனி என்று ஒருத்தி. புருசன் கடலுக்குப் புறப்பட்டானாம். போகாதே என்று அவள் அழுதாளாம்.

சுவர்ணா கடலிலிருந்து கண்ணை எடுத்து மாஸ்ரரைப் பார்த்தாள்.

“அவர் கேட்டவரோ?”

“இல்லைப் பிள்ளை. போயிட்டார்.”

“பிறகு?”

மாஸ்ரர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். ஒரு பொய் சொல்ல அவருக்கும் ஆசைதான். ஆனால் கதையை மாற்றினால் கிரேக்கர்கள் என்ன நினைப்பார்கள்?

“புயலிலை கப்பல் உடைஞ்சுது. உடம்புதான் கரைக்கு வந்தது. அவள் நிண்ட இடத்துக்கே வந்தது.”

சுவர்ணா தான் நின்ற இடத்தை விட்டு விலகி நின்றாள். ஒவ்வொரு அலையும் எதையோ சுமந்து வருவதுபோல இருந்தது. கறுப்பாக ஒன்று உருண்டு வந்து மணலில் தட்டியபோது அவளுக்கு மூச்சு நின்றது. தடிதான்.

முடிவு சுபம் என்று மாஸ்ரர் அவசரப்பட்டார். கடலில் குதித்த அவளையும் செத்த அவனையும் தேவர்கள் இரங்கி மீன்கொத்திகளாக்கினார்களாம். அவை அடைகாக்கும் நாள்களில் நடுமாரியிலும் கடல் அசையாதாம். அந்த அமைதிக்குத்தான் அவளுடைய பெயர்.

“தாலியறுத்தவளின்ரை பேரையோ மாஸ்ரர், என்ரை மனுசன்ரை படகிலை எழுதினனீங்கள்?”

காற்று மாஸ்ரரின் குடையைப் பின்புறமாக மடித்துப் போட்டது. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

பதினொன்றரைக்குத் தேடப்போன படகு ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் ஹல்சியன் இழுபட்டு வந்தது. உள்ளே ஆள் தெரியவில்லை. சுவர்ணா கடலுக்குள் இறங்கி நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மாஸ்ரர் வேட்டியோடு பின்னால் விழுந்தடித்து ஓடி அவள் கையைப் பிடித்தார். இருவரும் நடுங்கிக்கொண்டு நிற்க, படகு கிட்ட வந்தது. அதன் அடியில் மல்லாந்து கிடந்த ஜெயதீபன் எழும்பி உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் முடிந்திருந்தது.