அற்புதம்மாள் காலில் ஊறிய தண்ணீர்

பாம்பன் அற்புதம்மாளின் வலது காலில் 1953-ஆம் ஆண்டு டாக்டர் கட்டைவிரலால் அழுத்திய குழி அதன் பிறகு மூடவே இல்லை. மறுநாள் காலையில் அதில் தண்ணீர் ஊறியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் நல்ல தண்ணீர். ஊர்க் கிணறுகள் உவர்த்துக் கிடந்த கோடை அது. அக்கம்பக்கத்தார் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்காமல் செம்போடு வந்துவிட்டார்கள்.

அவள் டாக்டரிடம் போனதே கல்யாணம் நின்றுபோனதால்தான். மீனவன் சந்தனத்துக்கு அவளைப் பேசி முடித்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்த பிறகு இரண்டு கால்களும் வீங்கின. யானைக்கால் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊருக்கு அதற்கெல்லாம் அதிக நேரம் பிடிக்காது. அந்தக் கால் தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சந்தனத்தின் தாய் மிக்கேலம்மாள் சொல்லியனுப்பினாள். சந்தனம் கடலுக்குப் போகாமல் சுருண்டு படுத்துக்கொண்டான்.

"முத்துன யானைக்கால்ல இப்படிக் குழி விழாதும்மா. அது பெரும்பாலும் ஒரு காலத்தான் பிடிக்கும். உனக்கு ரெண்டு காலும் வீங்குது, விடிஞ்சா முகமும் ஊதுது. மூத்திரத்தச் சோதிச்சாச்சு, இது சிறுநீரகக் கோளாறு. உப்ப விடு, மருந்தச் சாப்பிடு" என்றார் இராமநாதபுரத்து டாக்டர். கருவாடு போடும் வீட்டில் பிறந்தவளுக்கு அது கொடுமைதான். ஆனாலும் விட்டாள்.

மிக்கேலம்மாள் நம்பாமல் தானே வந்து அழுத்திப் பார்த்தாள். விரல் புதைந்தது. பிறகு, தரையைக் கூட்டும்படி தாழக் கட்டியிருந்த சேலையை ஒதுக்கித் தன் இடது காலை அழுத்தினாள். உரல் மாதிரி பருத்திருந்த அந்தக் காலில் குழி விழவில்லை. எத்தனையோ வருடம் பெற்ற மகனுக்குக்கூடத் தெரியாமல் மறைத்த கால். அவள் அழுததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கொசுக் கடியால வர்றதாம் மாமி, தொட்டா ஒட்டாதாம். தெனமும் கழுவித் தொடச்சு, ஒசத்தி வச்சா அடங்கியிருக்குமாம். நீட்டுங்க" என்று அற்புதம்மாள் தன் குழியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

வீட்டுக்குப் போன மிக்கேலம்மாள், படுத்திருந்த மகனிடம், "ஏலே, எந்திரி. கோயில் சாமியாரப் பாத்து நாள் கேட்டுட்டு வா" என்றாள்.

மாதா திருநாள் முடிந்த வாரம் கல்யாணம் நடந்தது. இரண்டு வருடத்தில் மருமகளின் வீக்கம் வடிந்தது, குழி மட்டும் நின்றது. மாமியாரின் கால் சிறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலால் அடிக்கடி வந்த காய்ச்சல் நின்றது. பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று மிக்கேலம்மாள் மருமகளின் காலடியில் உட்கார்ந்து வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக் கோயிலுக்கு எடுத்துப் போனாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சாமியார் கேட்கவில்லை. மந்திரித்து, பிள்ளையின் தலையில் ஊற்றினார்.