ஒரே நீளக் கைப்பிடி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைச் சரிசெய்ய வந்த வெல்டர், தேநீர் குடித்தபடியே சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்தது" என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாவது மடக்கில் "எங்க அக்கா" என்று வாய்தவறி வந்துவிட்டது. அப்புறம் மறைக்கவில்லை.

[அனுமதி கேட்டேனா என்றால், கேட்டேன். "எழுதுங்க சார், அளவை மட்டும் தப்பா போட்றாதீங்க" என்றார்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: காலத்தின் சுமையைத் தாங்கி நின்ற அந்தப் பழைய கட்டடத்தின் சுவர்கள்...

வேண்டாம். சுவர் தாங்கியது மேல்மாடியைத்தான்.

மேல்மாடியில் வெல்டரின் அக்கா தனியாக இருக்கிறார். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. மரப்படிகள் இருபத்திரண்டு, நடுவில் ஒரு திருப்பம். பக்கச் சுவர் நாலு விரல் அளவுக்குத் தொப்பை போட்டுப் புடைத்திருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கைப்பிடி வைத்து, தனியாக ஏறி இறங்க முடிந்தால் அக்கா அங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அக்கா அரைமனதாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

"கை வழுக்கிக்கிட்டே போகணும்டா. எங்கயும் தட்டக் கூடாது."

வெல்டர் ஒரு மெல்லிய கம்பியைச் சுவரோடு சுவராக வளைத்து அச்சு எடுத்தார். பட்டறையில் குழாயை அதே அச்சுக்கு வளைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாகப் பற்றவைத்து, தேய்த்து மினுக்கினார். பற்றவைத்த இடங்கள் அவர் விரலுக்கே தட்டுப்படவில்லை.

3

தெருக்கதவுக்குள் நுழைந்த கைப்பிடி, படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். ஊஹூம். ஜன்னல் வழியாகவும் வழியில்லை. அதில் கம்பி போட்ட புண்ணியவானும் இவரேதான்.

இங்கேதான் எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம். முப்பது வருடமாகப் பழைய கட்டடங்களில் வேலை பார்ப்பவர். எதையும் துண்டு துண்டாகக் கொண்டுபோய் உள்ளே கோப்பவர். வேலையை அளப்பதற்கு முன்னால் வழியை அளப்பவர். அக்கா வீட்டுக்கு மட்டும் அதை மறந்தாரா? இல்லை, மனசின் ஒரு மூலையில், இது பொருந்தாமலே போனால்...

முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவுக்கு வந்தது. மேல்படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"வேணும்னே பண்ணியாடா?"

"இல்லக்கா."

"நிஜமா?"

வெல்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியலக்கா. நீ எங்ககூட வந்துட்டா நல்லாருக்கும்னு தோணிக்கிட்டேதான் இருந்துச்சு. குழாய வளைக்கும்போதும் தோணுச்சு."

[பாசத்தைப் பற்றி இங்கே அரைப்பக்கம் எழுதியிருந்தேன். நல்ல அரைப்பக்கம். கிழித்துவிட்டேன்.]

அக்கா சொன்னார்: "சரி. வெட்டு."

தெருவில் வைத்து, திருப்பம் வரும் இடத்தில் வெட்டினார். உள்ளே மரப்படி, தீப்பொறி ஆகாது; அதனால் மறுபடி பற்றவைக்க முடியாது. குழாய்க்குள் சின்னக் குழாய் செருகித் திருகினார். எவ்வளவு அரம் போட்டும் மயிரிழை மேடு ஒன்று நின்றுவிட்டது.

4

முடிவு ஒன்று: அக்காவின் விரல் அந்த மேட்டில் படுகிறது. "இங்கதான் திருப்பம்னு இப்ப தெரியுதுடா" என்கிறார். எழுதியதும் என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். அதனாலேயே நம்பிக்கை போய்விட்டது.

முடிவு இரண்டு: கை மேட்டில் தட்டி நிற்கிறது, கால் நிற்கவில்லை. அக்கா...

மாட்டேன்.

"நெஜத்துல என்னதான் ஆச்சு?" என்று, மறுநாள் மிச்ச வேலைக்கு வந்த வெல்டரையே கேட்டேன்.

"நாளைக்குக் காலையிலதான் சார் இறங்கிப் பாக்கப் போறாங்க. என்னைக் கீழ நிக்கவே கூடாதுன்னுட்டாங்க."

உங்களுக்கு எப்படி நடந்தால் சந்தோஷம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குமுன், அந்தத் தம்பியாக ஒரு நிமிடம் இருந்து பார்த்து, அக்கா தனியாக இறங்கிவிட வேண்டும் என்று முழுமனதாக நினைக்க முடிகிறதா, சொல்லுங்கள்.