பத்தடி மஞ்சள் கோடு

பஸ் பணிமனையின் மருத்துவக் குழு என்று பெயர்தான் பெரிது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தொட்டாலே முனகும் ஒரு பரிசோதனைக் கட்டில், தரையில் பத்தடி நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அவ்வளவுதான். இடுப்பு வலி, கால் வலி என்று வருகிற ஓட்டுநரும் நடத்துநரும் அந்தக் கோட்டின் மேல் நடந்து காட்ட வேண்டும். கோணல் நடை என்றால் மேல்சிகிச்சைக்குச் சீட்டு. நேராக நடந்தால், மறுநாள் காலை வண்டி ஏற வேண்டியதுதான்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பு டாக்டருடையதுகூட இல்லை. கோட்டின் முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாரே சீனியர் ஓட்டுநர், அவருடையது. ஊழியர் பிரதிநிதியாக அதே மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவரே யோசனை சொன்னார், அவரே பெயிண்ட் வாங்கி வந்தார், குனிந்து நிமிர்ந்து அவரே கோடும் போட்டார். அன்றிலிருந்து பணிமனையில் அவருக்குப் பெயர் கோட்டுக்காரர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நாலு மாதமாக அவருக்கு இடது தொடை இடுக்கில் வலி. நடந்தால் ஒன்றுமில்லை. கிளட்சை மிதிக்க முட்டியைத் தூக்கினால் உள்ளே டக்கென்று ஏதோ மாட்டிக்கொள்ளும். போன வாரம் ஒரு மேட்டில் மாட்டிய கால் மிதித்தது மிதித்தபடியே நின்றுவிட்டது. நிறைந்த வண்டி பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், பின்னால் ஸ்கூட்டரில் ஒரு தாயும் பிள்ளையும். இடையில் ஒரு முழம் இருக்குமா என்பது சந்தேகம். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தெருமுனையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் விளக்கிச் சொன்னாள். இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் இருக்கிறது, எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் போல. அது கிழிந்தால் மூட்டின் பிடிமானம் போய்விடும், கிழிசல் நடுவில் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுந்தான் தெரியும், இதற்கு ஸ்கேன் வேண்டும். அந்த ஸ்கேனுக்கும், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதற்கும், மருத்துவக் குழுவின் கையெழுத்து வேண்டும்.

"நடங்க," என்றார் டாக்டர். தலையை நிமிர்த்தவில்லை. நோயாளியைத் தொட்டால் தீட்டு என்பதுபோல எக்ஸ்ரேயை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கோட்டுக்காரர் நடந்தார். பாழாய்ப்போன கால் கொஞ்சமாவது கோணக் கூடாதா? பத்தடியும் அம்பு மாதிரி போயிற்று.

"எலும்பு சுத்தமா இருக்கு, நடையும் நேரா இருக்கு. அப்புறம் என்னய்யா?"

"சார், நடந்தா வலிக்காது சார். உக்காந்து காலைத் தூக்கினாதான்..." என்று சொல்லிக்கொண்டே இடுப்பின் பக்கவாட்டைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கவ்விப் பிடித்துக் காட்டினார்.

காட்டிய பிறகுதான், இப்படிக் கவ்விய கையை முன்பு எங்கே பார்த்தோம் என்பது அவருக்கு உறைத்தது. டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில், இப்போதைய ஊழியர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தாள் கண்டக்டரம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டில் நேராக நடந்துவிட்டு, இதே மாதிரி இடுப்பைக் கவ்வி நின்றவள். "நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமாம்மா?" என்று அன்றைக்குக் கேட்டவர் கோட்டுக்காரர். அறையே சிரித்தது. அதற்கப்புறமும் எட்டு மாதம் படியேறி இறங்கினாள். மூட்டு தேய்ந்து, அறுவை செய்து, இப்போது பாஸ் கொடுக்கும் கூண்டுக்குள் வேலை.

"என்னம்மா, ஃபிட்னு எழுதிடலாமா?" என்றார் டாக்டர்.

அவள் கோட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்குக் கூசியது. நடிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். அவள் இடத்தில் இருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதுவும் அவருக்குத் தெரியும்.

"நேராத்தான் நடக்குறாரு. நானும் நேராத்தான் சார் நடந்தேன்," என்றாள். "படுக்க வெச்சு, முட்டியை நெஞ்சுப் பக்கமா மடக்கி, உள்பக்கமாத் திருப்பிப் பாருங்க. கை தேஞ்சிடாது."

டாக்டர் வேண்டாவெறுப்பாக எழுந்தார். மடக்கினார், திருப்பினார். கோட்டுக்காரர் போட்ட அலறலில் வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நெனச்சேன்," என்றார் டாக்டர், எல்லாம் தெரிந்தவர் மாதிரி. ஸ்கேனுக்கு எழுதினார். முடிவு வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் எழுதினார்.

கோட்டுக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு மேஜை ஓரத்தில் நின்றார்.

"அம்மா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னிக்கு எனக்காக நீங்க..."

"உங்களுக்காகவா?" அவள் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஃபிட்னு எழுதியிருந்தா நாளைக்கு உங்க வண்டியில அறுபது பேரு ஏறியிருப்பாங்க. அவங்களுக்காகச் சொன்னேன். கதவைச் சாத்தாம போங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் உள்ளே வந்து, வழக்கப்படி கோட்டின் முனையில் போய் நின்றான்.

"அங்க எதுக்குப்பா நிக்குற?" என்றாள் கண்டக்டரம்மா. "கட்டில்ல வந்து படு."